டொலர் இல்லாத ஆண்டில் மருந்து வந்த வழி: ஒரு மருந்தாளரின் அனுபவம்

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை அரசு அறிவித்தது. வடக்கில் ஓர் ஆதார வைத்தியசாலையின் மருந்துக் களஞ்சியத்தில் இருந்த எங்களுக்கு அது புதிய செய்தியாகப் படவில்லை. அதற்கு வெகு முன்பே நாங்கள் மேலே அனுப்பிய கோரல் படிவங்களுக்குப் பாதிச் சாமான்தான் வந்துகொண்டிருந்தது. பத்துப் பெட்டி கேட்டால் மூன்று வரும். சில வரிகளுக்கு எதிரே 'இருப்பில் இல்லை' என்று மட்டும் எழுதியிருக்கும். நாட்டின் மருந்துத் தேவையில் 80 வீதத்துக்கு மேல் இறக்குமதி. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபா. கைவசம் பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டொலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அப்படிப்பட்ட நாட்டுக்கு எந்தக் கம்பனி கடனுக்கு மருந்து அனுப்பும்?

வெளிநாட்டு உதவி வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகவே வந்தது. ஆனால் அறிவிக்கப்பட்ட தொகைக்கும் எங்கள் மருந்துத் தட்டில் வந்து இறங்கிய பெட்டிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை அந்த ஆண்டில்தான் கிட்ட நின்று பார்த்தேன். இன்னொரு நெருக்கடியில் இதே இடத்தில் நிற்கப்போகும் மருந்தாளருக்கும், உதவ நினைக்கும் புலம்பெயர் சங்கங்களுக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் காசின் வேகம். அந்த ஆண்டு வந்த எல்லாவற்றையும் 'உதவி' என்றே பத்திரிகைகள் எழுதின. பெரிய தொகைகளில் பெரும்பகுதி கடன். மார்ச் 17ஆம் திகதி இந்தியாவுடன் கைச்சாத்தான 100 கோடி டொலர் உணவுக்கும் மருந்துக்கும் பிற அத்தியாவசியப் பொருட்களுக்குமான கடன் வசதி. உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஏற்கெனவே வேறு திட்டங்களுக்கு ஒதுக்கியிருந்த கடன் பணத்தை மருந்துக்குத் திருப்பின. ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 9ஆம் திகதி 17 இலட்சம் பேருக்கு நான்கு மாத உதவிக்காக 4.72 கோடி டொலர் கேட்டு வேண்டுகோள் விடுத்தது. அந்தத் தொகை மருந்துக்கு மட்டுமல்ல. உணவு, விவசாயம், குடிநீர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

கடன் பணத்தில் அளவு பெரிது, நடை மெது. ஒப்பந்தம் கைச்சாத்தான செய்தி வந்த அன்றே நோயாளிகள் கவுண்டருக்கு வந்து, "இந்தியாவில இருந்து மருந்து வந்திட்டுதாமே" என்று கேட்டார்கள். பட்டியல் தயாராக வேண்டும், விலை கேட்க வேண்டும், அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் கொள்வனவுக் கட்டளை போட வேண்டும், கம்பனி உற்பத்தி செய்ய வேண்டும், கப்பல் ஏற்ற வேண்டும், கொழும்பில் மருத்துவ வழங்கல் பிரிவு ஏற்றுக்கொண்டு மாவட்டங்களுக்குப் பிரிக்க வேண்டும். இதில் எந்தப் படியும் வீண் படி இல்லை. அவசரத்தில் படிகளைத் தாண்டினால் தரம் தெரியாத மருந்து உள்ளே வரும். 2023இல் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் போட்ட சொட்டுமருந்தால் நோயாளிகளின் பார்வை பாதிக்கப்பட்டபோது நாடே அதைப் பேசியது. ஆக, பெரிய பணம் வருகிறது என்று கேள்விப்பட்டால் சில மாதம் கழித்துத்தான் அது உங்கள் தட்டுக்கு வரும் என்று கணக்குப் போட்டு, நடுவில் இருக்கும் மாதங்களுக்குச் சிறிய, வேகமான பணத்தைத் தேடுங்கள்.

வேகமாக வந்ததற்கும் உதாரணம் உண்டு. தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது ஏப்ரல் 29இல். அரிசி, பால்மா, மருந்து மூன்றுக்கும் சேர்த்து இந்திய ரூபாவில் 123 கோடி. அதில் 28 கோடி 137 வகை மருந்துகளுக்கு. மே 18இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டு 22ஆம் திகதி கொழும்புக்கு வந்துவிட்டது. அரச வைத்தியசாலைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குவதற்கென்றே 1990களிலிருந்து ஒரு கழகத்தை நடத்திவரும் மாநிலம் அது. புதிதாகக் கடை தேடி அலைய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மார்ச் இறுதியில் பேராதனை வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்த செய்தி வந்தபோது இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் நின்றார். செய்தியைப் பார்த்து, எப்படி உதவலாம் என்று விசாரிக்கும்படி தங்கள் தூதுவரிடம் சொல்லியிருப்பதாகப் பகிரங்கமாக எழுதினார். ஏப்ரல் 29இல் ஐ.என்.எஸ். கரியால் என்ற கடற்படைக் கப்பல் 107 வகை மருந்துகளுடன் வந்தது. மொத்த எடை 760 கிலோதான். 'மருந்து இல்லை' என்ற பொதுவான புலம்பலுக்கு யாரும் கப்பல் அனுப்புவதில்லை. 'இந்த மருந்து இல்லாததால் இந்த வேலை நின்றுவிட்டது' என்று சொன்னால் ஆள் அசைகிறது.

இனிப் பட்டியல். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

வழக்கமாக ஒரு மருந்து எவ்வளவு வேண்டும் என்பதைக் கடந்த ஆறு மாத நுகர்வின் சராசரியை வைத்துக் கணிப்போம். தட்டுப்பாட்டுக் காலத்தில் அந்தக் கணக்கு நம்மையே ஏமாற்றும். நீரிழிவு மாத்திரையான மெட்போர்மின் குறைந்தபோது ஒரு மாதத்துக்குக் கொடுப்பதை இரண்டு கிழமையாக்கினோம். சில மருந்துகளுக்குத் துண்டு எழுதி வெளியே வாங்கச் சொன்னோம். பேரேட்டில் பார்த்தால் நுகர்வு பாதியாகக் குறைந்திருக்கும். அதே எண்ணைக் கொடையாளருக்குக் கொடுத்தால் பாதித் தேவைக்குத்தான் பணம் வரும். கூடவே, தனியார் மருந்தகத்தில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் விலை ஏறியதும் அரச கிளினிக்குக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். தேவை உண்மையில் கூடியிருந்தது. 2020, 2021ஆம் ஆண்டுக் கணக்குகளும் உதவாது. கொரோனாக் காலத்தில் கிளினிக் நாட்கள் குழம்பி, மருந்துகள் தபாலில் வீட்டுக்குப் போன ஆண்டுகள் அவை. 2019ஆம் ஆண்டுப் பேரேட்டை எடுத்து, அதன் மாதச் சராசரியில் தொடங்கி, கிளினிக்கில் புதிதாகப் பதிந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டினோம்.

கவுண்டரில் ஒரு கொப்பியும் வைத்தோம். கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு மருந்தும், அளவும், திகதியும் அதில் எழுதப்படும். அரைப் பக்கம் எழுதுவதற்கே கவுண்டரில் நிற்பவருக்கு நேரம் போதாதுதான், முணுமுணுப்பு இருந்தது. ஆனால் கொடையாளர் அமைப்பு ஒன்றின் பிரதிநிதி வந்து "உண்மையிலேயே இவ்வளவு தேவையா?" என்று கேட்டபோது பேசியது அந்தக் கொப்பிதான். 'வழங்கியது' என்ற ஒரு நிரல் மட்டும் இருக்கும் பதிவு, தட்டுப்பாட்டை மறைத்துவிடும். 'வழங்க முடியாதது' என்று இன்னொரு நிரல் இல்லாவிட்டால் இன்றே கோடு போடுங்கள்.

அடுத்தது, மருந்தைத் தனித்தனியாகக் கேட்காமல் வேலையாகக் கேட்பது. சிசேரியன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டில் போடும் 25ஆம் இலக்க மெல்லிய ஊசி, அதன் வழியாக ஏற்றும், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் 'கனமான' பியூபிவக்கெயின், இரத்த அழுத்தம் விழுந்தால் கொடுக்கும் எபெட்ரின், இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஒக்சிடோசின், நாளத்தில் செருகும் கனுலா, சேலைன், சிறுநீர்க் கதீற்றர், தையல் நூல், கையுறை. இதில் எட்டு இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் மயக்க மருந்து நிபுணர் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார். ஒருமுறை ஊசி ஒரு கொடையாளரிடமிருந்து பெட்டிக்கணக்கில் வந்தது. அதற்குரிய மருந்து கிடைக்கவில்லை. அதன்பின் சத்திரசிகிச்சைக் கூடத்துப் பொறுப்புத் தாதியோடு உட்கார்ந்து ஒவ்வொரு வகைச் சத்திரசிகிச்சைக்கும் ஒரு தாள் எழுதினோம். 'ஐம்பது சிசேரியனுக்கு வேண்டியவை' என்று கேட்டால் பணம் தருபவருக்கும் விளங்கும், எது குறைகிறது என்று நமக்கும் தெரியும்.

கையுறையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக் கையுறை ஆறரை, ஏழு, ஏழரை, எட்டு என்று அளவுகளில் வரும். எங்கள் கூடத்தில் பெரும்பாலானவர்கள் போடுவது ஆறரையும் ஏழும். அளவு குறிப்பிடாமல் 'கையுறை' என்று எழுதினால் வருவது எட்டுத்தான். எங்கும் விலைப்படாமல் மிஞ்சிக் கிடப்பது அதுவாக இருக்கும் என்பது என் சந்தேகம். தளர்ந்த கையுறையோடு நூல் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் எரிச்சல் தெரியும். நூலுக்கும் அப்படித்தான்: '2-0 விக்ரில், வளைந்த ஊசி' என்று நூலின் தடிப்பு, வகை தொடங்கி ஊசியின் நீளம்வரை எழுத வேண்டும். மருந்துக்குப் பொதுப்பெயர், வீரியம், வடிவம், ஒரு பெட்டியில் எத்தனை, ஒரு மாதத்துக்கு எத்தனை, இன்று கையில் எத்தனை. வணிகப் பெயர் வேண்டாம்; கனடாவில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர்.

சர்வதேச அவசர மருந்துப் பொதிகளைப் பற்றி ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் அவசர சுகாதாரப் பொதி ஒன்று 10,000 பேருக்கு மூன்று மாதம் என்ற கணக்கில் தயாரிக்கப்படுவது. முகாம்களுக்கு, போர் நடக்கும் இடங்களுக்கு அது அருமையான ஏற்பாடு. 2022இல் எங்கள் பிரச்சினை வேறு. கட்டடம் நின்றது, மருத்துவர் இருந்தார், கருவி இருந்தது. இல்லாதவை இன்சுலினும் புற்றுநோய் மருந்தும் டயலிசிஸ் வடிகட்டியும் ஈசிஜி தாளும் ஆய்வுகூட இரசாயனமும். இடம்பெயர்ந்தோருக்கான பொதி நீரிழிவுக் கிளினிக்கை நடத்தாது. கேட்காவிட்டால் அதுதான் வரும். ஆகவே கேளுங்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளின் அழைப்புகள் இரவில்தான் வரும், அங்கே வேலை முடிந்த நேரம். "அண்ணை, என்ன வேணும் சொல்லுங்கோ, ஞாயிற்றுக்கிழமை ஒராள் வெளிக்கிடுறார். பனடோல் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்பார்கள். "தம்பி, பனடோல் வேண்டாம். பட்டியல் அனுப்புறன், அதில இருக்கிறதை மட்டும் வாங்குங்கோ. வாங்க ஏலாட்டி காசைச் சங்கத்திட்ட குடுங்கோ" என்று சொல்லிச் சொல்லியே வாய் உளைந்துவிட்டது. அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்: மேலே இருமல் பாணி, அதன்கீழ் விற்றமின், அதற்கும் கீழே ஜெர்மன் மொழியில் அச்சிட்ட அட்டைகள்; இடையில் நாலு வில்லை உடைத்து எடுத்த அட்டை ஒன்று. யாரோ ஒருவரின் தாயார் பாவித்து மிச்சம் விட்டது. வில்லை நல்லதாகவே இருக்கலாம். எந்த வெப்பத்தில் எங்கே கிடந்தது என்று தெரியாததை நான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1996இல் வெளியிட்டுப் பிறகு திருத்திய நன்கொடை வழிகாட்டியிலும் நோயாளியிடமிருந்து திரும்பிய மருந்து கூடாது என்பது தெளிவாக உண்டு. அதே வழிகாட்டி, மருந்து வந்துசேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும், பெறுபவரின் பட்டியலில் இருக்க வேண்டும், விளங்கும் மொழியில் பொதுப்பெயருடன் அச்சிட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

வேண்டாம் என்று சொல்லத் தயங்குவதால் வரும் செலவு பெரிது. பொஸ்னியாவில் 1992 முதல் 1996 வரை வந்த நன்கொடைகளில் ஏறக்குறைய 17,000 தொன் பயன்படாத மருந்து தேங்கியது. அழிக்க மட்டும் 3.4 கோடி டொலர் ஆகும் என்று அப்போது கணக்கிட்டார்கள். காலாவதியான மருந்தைக் குப்பையில் கொட்ட முடியாது, எரியூட்ட வேண்டும். அதற்கு யாரும் நன்கொடை தருவதில்லை. ஓராண்டு விதியை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கவும் இல்லை. ஐந்து மாத ஆயுளோடு ஒரு மருந்து வருகிறது, எங்கள் பாவனையில் மூன்று மாதத்தில் தீரும் என்றால் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டோம். தீராது என்றால் தீரக்கூடிய அளவை மட்டும் கேட்டோம். மிகுதியைப் பக்கத்து மாவட்டத்துக்குக் கேட்டுப் பார்க்க ஒரு தொலைபேசி போதும்.

மருந்தை வாங்கி முடித்தவர்கள் தடுமாறும் இடம் துறைமுகமும் விமான நிலையமும். சரக்கை ஏற்றிவிட்டு அனுமதி கேட்பதுதான் வழக்கமாக நடக்கும் கூத்து. முதலில் பட்டியலை அனுப்பி, சுகாதார அமைச்சின் ஒப்புதலும், பதிவில்லாத மருந்தென்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் விலக்கு அனுமதியும் கையில் வந்தபின்தான் ஏற்ற வேண்டும். மருந்துப்பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, அளவு, பெறுமதி எல்லாம் ஒரே தாளில். பெறுநர் பெயரில் தனிமனிதர் பெயரைப் போடாதீர்கள். போட்டால் அது நன்கொடை என்று நிரூபிக்க அந்த மனிதர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். தேங்கும் ஒவ்வொரு நாளுக்கும் களஞ்சியக் கட்டணம் ஏறும். குளிரில் வைக்க வேண்டிய பொருளாக இருந்தால் கட்டணத்தை விடுங்கள், பொருளே போய்விடும்.

குளிர் என்றதும் அந்த ஆண்டின் மின்வெட்டு நினைவுக்கு வருகிறது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். அதைக் காப்பாற்ற ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். கொழும்பில் மருந்து வந்து இறங்கியிருக்கிறது என்று தெரியும். லொறிக்கு டீசல் இல்லை. ஒரு கொடையாளரிடம் போக்குவரத்துக்கும் டீசலுக்கும் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டோம். அவர்களுடைய நிதித் தலைப்பில் 'மருந்து' என்று மட்டும்தான் இருக்கிறது, மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அடுத்த முன்மொழிவில் தொடக்கத்திலேயே மருந்துப் பெறுமதியின் ஒரு பங்கை ஏற்றியிறக்கல், குளிர்ச் சங்கிலி, எரிபொருள் என்று எழுதிவிட்டோம், ஒருவரும் மறுக்கவில்லை. முதலில் எழுதினால் அது திட்டம். பிறகு கேட்டால் அது திருத்தம், திருத்தத்துக்கு மேலிடத்துக் கையெழுத்து வேண்டும்.

அறிக்கை எழுதுவது தலைவலி. ஒவ்வோர் அமைப்பும் தன் படிவத்தைத் தரும். நாங்கள் ஒரே தாளை வைத்திருந்தோம்: தொகுதி இலக்கம், வந்த திகதி, எந்த விடுதிக்கு எவ்வளவு, மீதி. எல்லாருக்கும் அதன் பிரதி. படம் கேட்பவர்களுக்கு மருந்துத் தட்டின் படம் அனுப்பினோம். மருந்துப் பெட்டியைக் கையில் கொடுத்து நோயாளியை நிறுத்திப் படம் எடுக்கச் சொன்ன ஓர் அமைப்புக்கு முடியாது என்று எழுதினோம். அவர்கள் கோபிக்கவில்லை, கணக்கு ஒழுங்காகக் கிடைத்ததும் அந்தப் பேச்சே எழவில்லை.

கடைசியாகக் கருவிகள். நெருக்கடி தணியத் தொடங்கியதும் மருந்துக்குப் பதிலாகக் கருவி தர முன்வந்தவர்கள் கூடினார்கள். பெயர் பொறித்த பலகை ஒட்டலாம் அல்லவா. ஆய்வுகூடப் பகுப்பாய்வுக் கருவிகளில் பல, அதே கம்பனியின் இரசாயனத்தை மட்டும்தான் ஏற்கும். கருவி இலவசம், இரசாயனம் டொலரில். டயலிசிஸ் இயந்திரத்துக்கும் குழாய் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். எனவே கருவி வருகிறது என்றால் ஆய்வுகூடப் பொறுப்பாளரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்போம்: இரசாயனம் இலங்கையில் யாரிடம் கிடைக்கும், ஒரு பரிசோதனைக்கு என்ன செலவு, பழுதானால் யார் வருவார், இரண்டாம் ஆண்டு யார் வாங்கித் தருவது. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு ஒரு சங்கம் ஒரு கிழமை யோசித்துவிட்டு, கருவியை விட்டுவிட்டு, ஏற்கெனவே எங்களிடம் ஓடிக்கொண்டிருந்த பழைய இயந்திரத்துக்கு ஓராண்டுக்கு வேண்டிய இரசாயனத்தை மூன்று தவணையாக வாங்கித் தந்தது. பலகையை இரசாயனம் வைத்த குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டச் சொன்னோம். ஒட்டினார்கள்.